விண்கதிர் வலுப்பெறும் வகை



விண்ணினின்று நிலவுலகின்மேல் அல்லும் பகலும் பொழிவனவற்றை விண்கதிர் என்பர். 1912-இல் ஆசுத்திரிய அறிஞர் விக்தர் எசு வளிக்கூண்டிலேறி ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரஞ் சென்று, மேலேறுந்தோறும் அவை மிகுதலைக் கண்டார். ஒளியினத்தைச் சேர்ந்தவை என்னும் எண்ணத்தோடு அவற்றின் ஆங்கிலப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்கரான மில்லிகன். அவை மின்னேற்றமுற்ற துகள்கள் என்பதை 1930-களில் காம்புடன் காட்டினார். எண்ணம் மாறியும் பெயர் மாறவில்லை. தமிழுக்கோ அவ்விடர் இல்லை. ஒளிக்கற்றையும் கதிர், மணி செறிந்த நெற்றாளின் தலையும் கதிர். அறிவியலுக்குத் தமிழ் போதாதென்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இத்துகள்களுக்கு இத்துணை ஆற்றல் எங்ஙனம் வாய்த்தது? விண்வெளியில் அலையும் காந்த முகில்களில் மோதி மோதி வலுப்பெறும் என்று 1949-இல் பெர்மி கூறினார். வழி சரியே, ஆயினும் அதில் வரும் ஊதியம் மிகச் சிறிது. 1977, 1978 ஆகிய ஈராண்டுகளில் கிரிம்சுகி, ஆக்சுபோர்டு குழுவினர், பெல், பிளாண்டுபோர்டும் ஆசுத்திரைக்கரும் எனத் தனித்தனியே முயன்ற நால்வகையினர் விரைவான வழியைக் கண்டனர்.

பெரு விண்மீன் வெடிக்கும்போது அதன் சிதறல் நொடிக்குப் பல்லாயிரங் கி.மீ. விரைவில் பாய்ந்து, முன்னுள்ள வளியில் அதிரலையை எழுப்பும். இருவர் மட்டையும் கையுமாய்ப் பந்தடித்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்கினால், ஒவ்வோர் அடிக்கும் பந்தின் விரைவு கூடுமன்றோ? அதிரலையின் முன்புறத்தினின்று நோக்கின் பின்புற வளி எதிர்த்து வரும். பின்புறத்தினின்று நோக்கின் முன்புற வளி எதிர்த்து வரும். இருபுறத்துக் காந்தக் கலக்கங்களே மட்டைகள். எப்புறஞ் சென்றாலும் துகளுக்கு ஊதியமே; இழப்பில்லை!

அதிரலையின் விரைவு நொடிக்கு 5,000 கி.மீ. எனின், அஃது ஒளிவிரைவில் அறுபதில் ஒரு பங்கு. ஒருமுறை போய்மீளும் துகளுக்குக் கூடும் ஆற்றலும் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கே. வட்டிக்கு வட்டிபோற் பெருகி, 42 சுற்றில் ஆற்றல் இரட்டிக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அறுபதில் ஒரு பங்குத் துகள்கள் பின்புற வளியோடு அடித்துச் செல்லப்பட்டு மீளா. ஆகவே ஆற்றல் இரட்டிப்பதற்குள் கூட்டம் பாதியாகும். ஆற்றல் மிகுந்தவை அருகியிருப்பது இதனாலேயே.

1006-இல் மக்கள் கண்ட விண்மீன் வெடிப்பின் எச்சத்தில், இங்ஙனம் முடுக்கப்பட்ட மின்னணுக்கள் உமிழும் ஊடுகதிரைக் கோயாமா குழுவினர் 1995-இல் காட்டினர். நேர்மின்னிகளும் முடுக்கப்படுவதற்கு, வேறிரு எச்சங்களில் பெர்மி பெயர் தாங்கிய செயற்கைக்கோள் கண்ட சான்று 2013-இல் வெளிவந்தது. எனினும் மிக உயர்ந்த ஆற்றலுடைய துகள்களுக்கு இவ்வெச்சங்கள் போதா. அவற்றின் பிறப்பிடம் பால்வழிக்கும் அப்பால் தேடப்படுகின்றது.