மோட்டார் இல்லமும் அதன் அன்ரனாவும்



வானொலிப் பெட்டி நம் வீடுகளுக்கு வந்த காலத்தில், முற்றத்து மரத்துக்கும் கூரை முகட்டுக்கும் இடையே செப்புக் கம்பி கட்டி, அதன் நுனியைச் சன்னல் வழியே உள்ளே கொண்டுவந்து பெட்டியோடு இணைத்தமை உங்களுள் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். கம்பி சற்றே உயர்ந்தால் குரல் தெளிந்தது. சற்றே தாழ்ந்தால் இரைச்சல் மிகுந்தது. ஆயினும் அதனை ஒருமுறை செம்மையாகக் கட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் தொடவேண்டியதில்லை. வீடு நின்ற இடத்திலேயே நிற்கின்றதல்லவா? வீடே நாள்தோறும் ஊர்விட்டு ஊர் செல்லுமாயின், அதன் கூரைமேல் உள்ள அன்ரனா என்ன செய்யும்? இன்று நாம் ஆராயப் புகுவது இதுவே.

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார் இல்லம் என்னும் ஊர்தி பெருவழக்காக உள்ளது. ஒரு பேருந்தின் உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவற்றையும் அமைத்தால் எப்படியிருக்குமோ அப்படி அது இருக்கும். விடுமுறைக்கு மட்டும் இதில் செல்வோர் பலர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் வீட்டை விற்றுவிட்டு, ஆண்டு முழுவதும் இதிலேயே வாழ்வோரும் உளர். இத்தகையோருக்குத் தொலைக்காட்சி வெறும் பொழுதுபோக்கன்று. தாம் அன்று தங்கியிருக்கும் ஊரின் வானிலையை அறிவிப்பது அவ்வூர்த் தொலைக்காட்சி நிலையமே. நடு மாநிலங்களில் இளவேனிற் காலத்தில் புனல்போலச் சுருண்டு வரும் சுழல்காற்றுக்கு மோட்டார் இல்லம் தாக்குப்பிடிக்காது. முன்னறிவிப்பு வந்ததும் அதைவிட்டு உறுதியான கட்டடம் ஒன்றினுள் புகவேண்டும் என்பதே அங்குள்ள வானிலைத் துறையின் அறிவுரை. ஆகவே, அன்ரனா பழுதாகிவிடின், இழப்பது ஒரு நாடகமோ விளையாட்டுப் போட்டியோ மட்டுமன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர், 1990களின் இறுதியிற் செய்யப்பட்ட மோட்டார் இல்லம் ஒன்றைக் கைமாற்றாக வாங்குகின்றனர். சாரதியின் இருக்கைக்கு மேலே மரப்பேழையில் கனத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருக்கின்றது. கூரைமேல் இரு சிறகுகளை விரித்தாற்போன்ற அன்ரனா படிந்து கிடக்கின்றது. வௌவாலின் சிறகு என்றே அதனை அங்குள்ளோர் அழைப்பர். உள்ளிருந்தபடியே கூரையிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் அன்ரனா எழுந்து நிற்கும். அதனை அடுத்துள்ள வளையத்தைத் திருப்பினால் வேண்டிய திசையை நோக்கும். அவர்கள் அதனை உயர்த்திப் பார்க்கின்றனர், படம் இல்லை. உடனே புதிய அன்ரனா ஒன்றை வாங்கக் கடைக்குச் செல்லலாமா?

சற்றுப் பொறுக்க வேண்டும். நோயை அறியாமல் மருந்து வாங்குதல் கூடாது.

முதலாவது ஐயம், பெட்டியைப் பற்றியது. ஐக்கிய அமெரிக்காவில் முழுவலு நிலையங்கள் யாவும் 2009ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் நாள் பழைய ஒளிபரப்பு முறையைக் கைவிட்டு, எண்முறை ஒளிபரப்புக்கு மாறின. கனடாவின் பெருநகரங்களில் இம்மாற்றம் 2011 ஆகத்து 31ஆம் நாள் நிகழ்ந்தது. பழைய பெட்டி எண்முறை அலையைப் படமாக மாற்ற அறியாது. அதற்கு மாற்றுக் கருவி ஒன்றை இணைத்தல் வேண்டும். அல்லது பெட்டியையே மாற்றுதல் வேண்டும். அன்ரனா அதில் குற்றவாளியன்று. எண்முறை அன்ரனா என்று தனி இனம் எதுவும் இல்லை. அலை எம்முறையில் செய்தியைச் சுமந்து வந்தாலும் அன்ரனாவுக்கு அது மின்காந்த அலையே.

இரண்டாவது ஐயம், மின்னாளியைப் பற்றியது. இவ்வகை அன்ரனாவின் தலையினுள் சிறிய பெருக்கி ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய 12 வோல்ற் மின்சாரம், படத்தைக் கொண்டுவரும் அதே வடத்தின் வழியாகவே மேலே செல்கின்றது. சுவரிலுள்ள சிறு தகட்டின் மின்னாளியைப் போட்டால் விளக்கு ஒன்று ஒளிரும். அப்போதுதான் பெருக்கி உயிர்பெறும். முகாமிடங்களில் வடத்தின் வழியாக நிகழ்ச்சிகள் வருமாயின், அதே மின்னாளியை அணைத்து வைத்தல் வேண்டும். முந்திய முகாமில் அணைத்ததை மறந்துவிட்டு, அன்ரனா கெட்டுவிட்டது என்று முடிவு செய்வோர் பலர். விளக்கு ஒளிர்ந்தும் படம் வராவிடின், வடத்தின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். மழையும் வெயிலும் பட்டுப் பச்சை பூத்த இணைப்பு, அலையைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். அன்ரனா ஓயாமல் எழுந்து தாழ்வதால், வடம் மடியும் இடத்தில் அறுந்து போதலும் உண்டு.

மூன்றாவது ஐயம், திசையைப் பற்றியது. பழைய ஒளிபரப்பில் அலை வலுவிழந்தால் படத்தில் பனி பெய்தாற்போலத் தோன்றும். ஆயினும் முகம் தெரியும், குரலும் கேட்கும். எண்முறையில் அத்தகைய இடைநிலை மிகச் சிறிது. அலை போதுமாயின் படம் பளிங்குபோல வரும். சற்றுக் குறைந்தால் சதுரஞ் சதுரமாகச் சிதறும். மேலும் குறைந்தால் ஒன்றுமேயில்லை. ஆகவே, அன்ரனாவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் பொறுத்து, பெட்டியின் திரையில் காட்டப்படும் அலைவலுவைப் பார்த்தல் வேண்டும். புதிய ஊருக்கு வந்ததும், அலைவரிசைகளைத் தேடும்படி பெட்டியை மீண்டும் ஏவுதலும் இன்றியமையாதது. நேற்றைய ஊரின் நிலையங்களை நினைவில் வைத்திருக்கும் பெட்டி, இன்றைய ஊரின் நிலையங்களைத் தானாக அறியாது.

இம்மூன்றும் சரியாக இருந்தும் படம் குறைவாயின், அப்போதுதான் அன்ரனாவைத் திருத்தும் எண்ணம் எழவேண்டும். இங்கே சிறிது கணிதம் தேவை. அமெரிக்கத் தொலைக்காட்சி அலைவரிசைகளில் 2 முதல் 13 வரையுள்ளவை தாழ்ந்த மீடிறன் உடையவை. 14 முதல் 36 வரையுள்ளவை 470 முதல் 608 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள உயர்ந்த மீடிறன் உடையவை. மீடிறன் உயர உயர அலையின் நீளம் குறுகும். 200 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்றரை மீற்றர். 600 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளமோ அரை மீற்றர். நீண்ட அலைக்கு நீண்ட கொம்பும் குறுகிய அலைக்குக் குறுகிய கொம்பும் ஏற்றவை. பழைய சிறகு அன்ரனா நீண்ட அலைகளுக்குச் சிறந்தது. குறுகிய அலைகளுக்கு அத்துணைச் சிறந்ததன்று. 2009ஆம் ஆண்டின் மாற்றத்தின் பின் பெரும்பாலான நிலையங்கள் உயர்ந்த மீடிறனிலேயே ஒளிபரப்புகின்றன. இதனை ஈடுசெய்ய, சிறகின் முன்னே பொருத்தத்தக்க சிறு குச்சிகள் கொண்ட துணைப்பாகம் ஒன்று விற்பனைக்கு வந்தது. கூரையில் ஒரு துளையும் இடாமல், பழையதின் மீதே சில நிமிடங்களில் அதனைப் பூட்டிவிடலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

எத்துணை நல்ல அன்ரனாவாயினும் அதற்கும் எல்லை உண்டு. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்பவை, பூமியோ உருண்டை. 300 மீற்றர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, 4 மீற்றர் உயரத்தில் உள்ள அன்ரனாவைச் சமதரையில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வரை எட்டும். இடையே மலையோ அடர்ந்த காடோ இருப்பின் தொலைவு இன்னும் குறையும். வராத அலையை எந்தப் பெருக்கியாலும் பெருக்க இயலாது. வடத்திலும் கிளை இணைப்புகளிலும் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதே பெருக்கியின் தொழில். ஒரு வடத்தை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் பாதிக்கும் குறைவான வலுவே சேரும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் எட்டும் என்று விளம்பரஞ் செய்யப்படும் சிறு அன்ரனாக்களைக் கண்டு நேயர்கள் மயங்குதல் வேண்டா.

செய்மதி வழியாக நிகழ்ச்சிகளைப் பெறும் குடைபோன்ற கருவியும் உண்டு. தாழ்வாகச் சுற்றும் செய்மதிகளினூடே இணையத் தொடர்பு தரும் தட்டுகளும் இந்நாளில் வந்துள்ளன. அவை நல்லனவே. ஆனால் மாதக் கட்டணமும் மரக்கிளை மறைக்காத வெட்டவெளியும் அவற்றுக்கு வேண்டும். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா என்பது நம்மவர் பழமொழி. கூரைமேல் இருக்கும் அன்ரனாவை முதலில் செம்மைப்படுத்திக்கொண்டு, பின்னர் வானத்துக் கோள்களை நாடுதலே முறை.

பழைய அன்ரனாவை அகற்றி, எழுப்பவும் திருப்பவும் வேண்டாத வட்ட வடிவ அன்ரனாவைப் பொருத்துவோரும் உளர். அது எல்லாத் திசைகளிலிருந்தும் அலையை ஏற்கும், தொல்லையும் குறைவு. ஆனால் ஒரு திசையை மட்டும் நோக்கும் அன்ரனாவின் வலு அதற்கு இல்லை. நகர்ப்புறம் நாடுவோருக்கு அது ஏற்றது. காட்டோரம் தங்குவோருக்குப் பழையதே ஏற்றது.

அதனைப் பொருத்துங்கால் கூரையில் துளையிட நேரும். இங்கேதான் பெருந்தீங்கு ஒளிந்திருக்கின்றது. மோட்டார் இல்லத்தின் கூரை பெரும்பாலும் மெல்லிய பலகையின்மேல் இறப்பர் விரிப்பு ஒட்டியதாகும். ஒரு திருகாணித் துளை வழியே கசியும் நீர் உடனே உள்ளே சொட்டாது. பலகையினுள் பரவி, கண்ணுக்குத் தெரியாமல் அதனை உக்கச் செய்யும். கறை தென்படும் நாளில் கூரையே மெத்தென்று ஆகியிருக்கும். எனவே, அடியில் பிசின் நாடா வைத்து, திருகாணிகளின்மேல் அவ்விறப்பருக்கென்றே செய்யப்பட்ட, தானே பரவிச் சமன்படும் அடைப்புப் பசையை இடுதல் வேண்டும். கல்லெண்ணெய் கலந்த பசைகள் அவ்விரிப்பைக் கெடுத்துவிடும். ஆண்டுக்கு இருமுறையேனும் கூரையைப் பார்வையிடுதலும் நன்று.

இனி உள்ளே வருவோம். கனத்த பழைய பெட்டியை இறக்கிவிட்டு, 12 வோல்ற்றில் நேரே இயங்கும் தட்டையான பெட்டியைச் சுவரில் மாட்டினால், தலைக்குமேல் இருந்த பாரம் நீங்கும். அது 30 வாற் கொள்வதாயின், நான்கு மணி நேரத்தில் மின்கலத்திலிருந்து 10 அம்பியர்-மணி செலவாகும். பழைய இழை மின்குமிழ் ஒன்று ஏறத்தாழ 18 வாற் கொள்ளும். ஆறு குமிழ்கள் அதே நான்கு மணி நேரம் எரிந்தால் 36 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி கொண்ட ஈய மின்கலத்தில் பாதியையே தீங்கின்றி எடுக்கலாம் என்பதால், ஒரே மாலைப்பொழுதில் கையிருப்பு முடிந்துவிடும். அக்குமிழ்களுக்குப் பதிலாக 3 வாற் ஒளியுமிழ் குமிழ்களை இட்டால் 36 என்பது 6 ஆகக் குறையும். இத்துணை மலிவான திருத்தம் வேறில்லை.

ஆனால் இங்கும் ஒரு கண்ணி உண்டு. மலிவான ஒளியுமிழ் குமிழ்கள் சிலவற்றின் உள்ளே உள்ள சிறு மின்சுற்று, தானே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்போல இரைச்சலை வீசும். சூரிய மின்தகட்டின் கட்டுப்பாட்டுக் கருவியும், நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் கருவியும் இவ்வாறே செய்தல் உண்டு. புதிய விளக்குப் போட்டதும் ஓர் அலைவரிசை மறைந்ததெனில், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், குற்றவாளி அகப்படுவான். அவ்வாறே, சூரியத் தகட்டைக் கூரையிற் பொருத்தும்போது, அன்ரனா தாழ்ந்து படியும் இடத்தை விட்டு வைத்தல் வேண்டும். எழுந்து நிற்கும் அன்ரனாவின் நிழல் தகட்டின்மேல் விழாமலும் பார்த்தல் வேண்டும். தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழலே அதன் வலுவைப் பெரிதும் குறைத்துவிடும். ஈய மின்கலத்தை நீக்கி லிதியம் மின்கலம் வைப்போர், அதனை உறைபனிக் குளிரில் மின்னேற்றுதல் ஆகாது என்பதையும், ஊர்தியின் மின்பிறப்பாக்கியைச் சூடேற்றிக் கெடுக்காதபடி இடையே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. மோட்டார் இல்லம் ஓர் உடல் போன்றது. ஓர் உறுப்பைத் திருத்துங்கால், மற்றைய உறுப்புகள் அதனை எவ்வாறு ஏற்கும் என்று எண்ணிச் செய்தலே அறிவுடைமை.

இறுதியாக மூன்று சொற்கள். அன்ரனாவை எழுப்புமுன் மேலே மின்கம்பி செல்கின்றதா என்று வெளியே சென்று பாருங்கள். இடி முழங்கும்போது அதனைத் தாழ்த்திவிடுங்கள். எழுப்பியதை மறந்து ஊர்தியைச் செலுத்துவோர் முதல் மரக்கிளையிலேயே அதனை இழப்பர். ஆதலால், எழுப்பியவுடன் ஒரு சிவப்பு நாடாவைச் சாரதியின் சக்கரத்தில் கட்டிவிடுதல் நன்று. அன்ரனாவை இருப்பு நிலைக்குத் திருப்பித் தாழ்த்திய பின்னரே அதனை அவிழ்த்தல் வேண்டும்.

நம் தம்பதியர் இவ்வாறு செய்து, ஒரு மாலையில் படத்தைப் பெற்றுவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். திரையில் புயல் எச்சரிக்கை ஓடுகின்றது. கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தாம் எந்தக் கவுண்டியில் நிற்கின்றோம் என்பது அவர்களுக்குத் தெரியாவிடின், அத்துணைப் பாடும் வீண். ஆகவே, புதிய இடத்தில் ஊர்தியை நிறுத்தியதும் கவுண்டியின் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதித் தொலைக்காட்சியின் அருகே ஒட்டிவைத்தல் வேண்டும். தொலைக்காட்சி எட்டாத இடங்களுக்கென, 162.400 முதல் 162.550 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் இரவு பகலாக ஒலிக்கும் வானிலை வானொலியும் அந்நாட்டில் உண்டு. அதற்கு வேண்டியது கையடக்கமான ஒரு சிறு வாங்கியே.

படம் காட்டும் பெட்டி கூரையிலும் சுவரிலும் எத்தனை திருத்தங்களை வேண்டினாலும், இடர் நெருங்கும் இரவில் படுக்கையருகே விழித்திருப்பது வானொலியே என்பதை, வானொலி நேயர்களாகிய உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.