உயரம் குறைத்த காரும் சக்கரக் கோணங்களும்

தொழிற்சாலையிலிருந்து வந்த காரின் உயரத்தைக் குறைக்க விரும்புவோர் பெரும்பாலும் செய்வது, பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு அவற்றினும் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகளை மாட்டுவதாகும். வேலை ஒரே நாளில் முடிந்து, டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடையிலிருந்த வெற்றிடம் சுருங்கி, வண்டி தரையோடு படிந்து நிற்கும் தோற்றமும் கிடைத்துவிடுகிறது. சக்கரத்தைத் தாங்கும் ஒவ்வொரு கம்பியும் தன் சாய்வை மாற்றிக்கொண்டது என்னும் செய்தி, டயரின் உட்புறம் தேயத் தொடங்கிய பிறகே உரிமையாளரை எட்டுகிறது.

2005 இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த மாருதி சுவிஃப்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முன்சக்கரங்களைத் தாங்குவது மெக்ஃபர்சன் ஸ்டிரட். அதாவது, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி, அத்தூணின் அடியில் சக்கரத்தைப் பொருத்தும் அமைப்பு. எர்ல் மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றியபோது கருக்கொண்ட இவ்வடிவம், அவர் ஃபோர்டு நிறுவனத்துக்குச் சென்றபின், 1950 இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த கான்சல் காரில் இடம்பெற்றது. மேலே ஓர் இணைப்பும் கீழே லோயர் ஆர்ம் எனப்படும் ஒரு கையும் போதும் என்னும் சிக்கனமே அதன் அழகு. உயரத்தைக் குறைக்கும்போது அது தடுமாறுவதும் அதே சிக்கனத்தால்தான்.

வானொலியில் படம் காட்ட இயலாதாகையால், நேயர்கள் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பார்க்கலாம். தோள், காரின் உடல். விரல்நுனி, சக்கரத்தின் அடிப்பகுதி. கையை மெல்ல உயர்த்தினால், அது கிடைமட்டத்தை எட்டும்வரை விரல்நுனி உடலைவிட்டு விலகிச் செல்லும். அதைக் கடந்தபின் உடலை நோக்கித் திரும்பிவிடும். கார் தாழும்போது லோயர் ஆர்மும் இவ்வாறே திரும்புகிறது. தொடக்கத்தில் சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்படுவதால் சக்கரத்தின் தலை உட்புறம் சாய்கிறது. இந்தச் சாய்வே நெகட்டிவ் கேம்பர். கை கிடைமட்டத்தைத் தாண்டும் அளவுக்குக் காரைத் தாழ்த்திவிட்டாலோ, வளைவில் எடை முழுவதையும் தாங்கும் வெளிப்பக்கச் சக்கரம், அந்தச் சாய்வு மிகவும் தேவைப்படும் வேளையில் அதை இழக்கிறது. போதாக்குறைக்கு, கார் எதைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளியாகிய ரோல் சென்டர், காரின் உடல் இறங்கிய அளவைவிட அதிகமாகக் கீழிறங்கிவிடுவதால், வண்டி வளைவில் கூடுதலாகச் சாயவே முற்படும். மிகவும் தாழ்ந்த கார் வளைவில் உறுதியாக நிற்பதாகத் தோன்றினால், அப்புகழ் விறைப்பான ஸ்பிரிங்குக்கே உரியது.

ஆயினும் டயரை உண்மையில் தின்பது கேம்பர் அன்று. டோ எனப்படும் கோணமே. மேலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் முன்பகுதி உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே திரும்பியிருந்தால் டோ-அவுட். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டை ராட், லோயர் ஆர்மோடு ஒத்த வட்டத்தில் ஏறியிறங்காவிடில், கார் தாழ்ந்தவுடன் இக்கோணம் குலைகிறது. ஒரு சக்கரம் தன் நேர்த்திசையிலிருந்து 0.1 பாகை விலகினாலும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.75 மீட்டர் அது பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 17 கிலோமீட்டருக்குமேல் அந்த டயர் சாலையில் உரசியிருக்கும். டயரின் மீது உள்ளங்கையை உட்புறமும் வெளிப்புறமுமாக மாறிமாறித் தடவுகையில் ஒரு திசையில் வழவழப்பும் மறுதிசையில் இரம்பப் பல் போன்ற சொரசொரப்பும் தெரிந்தால், டோ பிசகியிருக்கிறது என்று நேயர்கள் கொள்ளலாம்.

வீல் அலைன்மென்ட் இதைச் சரிசெய்யும், ஆனால் வரிசைமுறையோடு செய்தால் மட்டுமே. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும் புதிய உயரத்தில் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். காற்றழுத்தத்தையும் மூட்டுகளின் ஆட்டத்தையும் பார்த்தபின், கேம்பரை முதலிலும் டோவைக் கடைசியிலும் அமைக்க வேண்டும். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதே காரணம். பல கார்களில் கேம்பரைத் திருத்தத் தனி வசதி இல்லாததால், ஸ்டிரட்டின் அடியில் மையம் விலகிய கேம்பர் போல்ட்டைப் போடுகின்றனர். இருப்பினும், நின்ற காரில் கச்சிதமாக அமைத்த டோ, பள்ளத்தில் சக்கரம் ஏறியிறங்கும்போது மாறுவதை எந்த அலைன்மென்ட் கருவியாலும் தடுக்க இயலாது. டை ராடின் கோணத்தையே திருத்தும் உதிரிபாகங்கள்தாம் அதற்கு வழி.

எஞ்சியவற்றைச் சுருங்கக் கூறலாம். சுவிஃப்ட்டின் பின்னச்சு ஒரே முறுக்குத்தண்டாதலால், அங்கே கோணத்தை மாற்ற மெல்லிய ஷிம் தகடுகளே கைகொடுக்கும். அக்காரின் 170 மில்லிமீட்டர் தரையிடைவெளியில் 40 ஐக் கழித்தால், இந்தியச் சாலை நெறிமுறை கூறும் 10 சென்டிமீட்டர் வேகத்தடைக்குமேல் மிஞ்சுவது 3 சென்டிமீட்டர், அதுவும் ஆட்கள் ஏறாதபோது. ஸ்பிரிங்கை வாயு விளக்கால் சூடேற்றித் தாழ்த்தும் வழக்கம் எஃகின் பதத்தையே கெடுக்குமாதலால் முற்றிலும் விலக்கத்தக்கது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு வாகன மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது என்பதால், பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வதும் நல்லது.

காரைத் தாழ்த்த முடிவெடுத்த நேயர்கள், வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அலைன்மென்ட் அச்சுத்தாள்கள் இரண்டையும் பணிமனையில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய ஸ்பிரிங்குகள் சில நூறு கிலோமீட்டர் ஓடி அமர்ந்தபின், அவ்வளவுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும்.