கேமராவோடு ஊருக்குப் போகிறவர்

ராஸ் மெக்கெல்வி என்று ஓர் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். பிறந்தது தெற்கே, வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில். குடியிருப்பது வடக்கே, பாஸ்டன் பக்கம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் திரைப்படம் கற்பித்தவர். பிழைப்பு ஓரிடம், ஊர் ஓரிடம் என்று ஆகிவிட்டால் ஊர்ப்பக்கம் போக ஒரு சாக்கு வேண்டும்: கல்யாணம், கருமாதி, கோயில் கொடை. மெக்கெல்விக்கு அந்தச் சாக்கு கேமரா.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது 1986-இல் வந்த ‘ஷெர்மன்ஸ் மார்ச்’. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஷெர்மன் என்ற தளபதி தென்மாநிலங்களை அழித்துக்கொண்டே போன பாதையைப் படமெடுக்கத்தான் கிளம்பினார். கிளம்புகிற நேரத்தில் காதலி கைவிட்டுவிட்டார். தளபதியை ஓரங்கட்டிவிட்டு, வழியில் சந்தித்த பெண்களின் பின்னால் போய்விட்டது படம்!

எனக்குப் பிடித்தது 2003-இல் வந்த ‘பிரைட் லீவ்ஸ்’. வட கரோலினா என்றாலே புகையிலை. நம் நாட்டில் வர்ஜினியா என்கிறார்களே, சூளையில் பதப்படுத்தும் அந்த மஞ்சள் இலைதான். மெக்கெல்வியின் கொள்ளுத்தாத்தா அங்கே புகையிலை வியாபாரி. போட்டி வியாபாரிகளான டியூக் குடும்பத்தோடு மோதி, வழக்குக்கு மேல் வழக்காடி, நொடித்துப்போனார் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. டியூக் பேரில் இன்று ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. மெக்கெல்வி பேரில் ஒரு சின்னப் பூங்கா. அங்கே தனியாகப் போய் உட்கார்ந்து தன்னையே படமெடுத்துக்கொள்கிறார் மனிதர்.

பழைய படங்களைச் சேர்த்துவைக்கும் உறவுக்காரர் ஒருவர், கேரி கூப்பர் நடித்த 1950-ஆம் ஆண்டுப் படமான ‘பிரைட் லீஃப்’ நம் கொள்ளுத்தாத்தாவின் கதைதான் என்கிறார். இவருக்கும் ஆசை பற்றிக்கொள்கிறது. அந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதியவரின் மனைவியைத் தேடிப்போய்க் கேட்டால், அப்படியெல்லாம் இல்லை என்று அந்த அம்மா சொல்லிவிடுகிறார். இடையில் ஒரு திரைப்படப் பேராசிரியர், பேட்டி எடுக்க வந்தவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே பாடம் நடத்துகிறார். படத்தில் அசைவு வேண்டுமாம்!

குடும்பப் பெருமை தேடிப் போனவருக்குக் கிடைத்தது வேறு. கொள்ளுத்தாத்தா விற்ற சரக்கு புகையிலை. அப்பாவோ சார்லட்டில் அறுவை மருத்துவர், சகோதரரும் மருத்துவர். அவர்களிடம் வந்தவர்களில் புகைத்து நோயாளியானவர்களும் உண்டு. அப்பாவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் மகனைப் பாசத்தோடு வரவேற்கிறார்கள். இன்னொரு பக்கம், விட்டுவிடுகிறோம், விட்டுவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே சிகரெட் பிடிக்கும் இளஞ்ஜோடி. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை மெக்கெல்வி. சிகரெட் கம்பெனிகளை இன்னும் கொஞ்சம் விரட்டியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் சொந்த ஊரில், சொந்தக்காரர் நடுவில், கையை நீட்டிப் பேசுவது லேசில்லை.

அந்தப் படத்தில் சிறுவனாக வரும் அவருடைய மகன் ஏட்ரியன் 2016-இல் இறந்துபோனார். வருங்காலத்தில் மகன் பார்ப்பான் என்று எடுத்துவைத்த காட்சிகளை இப்போது அப்பா பார்க்கிறார். அதுதான் 2025-இல் வெனிஸ் விழாவில் திரையிட்ட ‘ரீமேக்’. ‘ஷெர்மன்ஸ் மார்ச்’ படத்தைக் கதைப்படமாக மறுபடி எடுக்க நடந்த முயற்சியும் அதில் வருகிறது, பேர் அதனால்தான். இவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘ரீமேக்’கில் தொடங்க வேண்டாம். முதலில் ‘பிரைட் லீவ்ஸ்’ பாருங்கள். அந்தப் பையனைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டு போகலாம்.