உலக முடிவும் நாஸ்திகமும்

(வேங்கிக்கால் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு "உலக முடிவும் நாஸ்திகமும்" என்பதாகும். பட்டாவுக்கும் மனுவுக்கும் கலெக்டர் ஆபீசுக்கு வந்து கால் கடுக்க நிற்கிற ஜனங்கள் நிறைந்த இந்த வேங்கிக்காலில், பிரபஞ்சம் கோடானு கோடி ஆண்டுகளுக்குப் பிறகு என்ன ஆகும் என்று பேசுவது வேலையற்ற வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்த விஷயத்தை நாமாகத் தேடிப் போய் எடுக்கவில்லை. ஆஸ்திகர்கள்தான் எடுத்து நம்மீது எறிகிறார்கள்.

எப்படியென்றால், முன்பெல்லாம் நம்மைப் பார்த்து, "கடவுள் இல்லையென்றால் மழை எப்படிப் பெய்கிறது? மாம்பழம் எப்படி இனிக்கிறது?" என்று கேட்டுவந்தார்கள். அதற்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே பதில் சொல்லத் தொடங்கிவிட்ட பிறகு, கொஞ்சம் படித்த ஆஸ்திகர்கள் வேறு கேள்வி கண்டுபிடித்திருக்கிறார்கள். "உங்கள் விஞ்ஞானமே சூரியன் ஒரு நாள் அணைந்துபோகும், உயிர்கள் எல்லாம் அழிந்துபோகும் என்று சொல்லுகிறதே! கடவுளும் இல்லை, ஆத்மாவும் இல்லையென்றால் எல்லாம் சூனியத்தில் அல்லவா முடிகிறது? பிறகு மனிதன் எதற்காக வாழ்வது? எதற்காக யோக்கியமாய் இருப்பது? உங்கள் சீர்திருத்தந்தான் எதற்கு?" என்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். சமாதானம் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில் சங்கதி உண்மைதானா என்று பார்ப்போம். கார்த்திகை மாதத்தில் இந்த 2,668 அடி மலை உச்சியில் கொப்பரை வைத்து, ஆயிரக்கணக்கான கிலோ நெய் செலவழித்துத் தீபம் ஏற்றுகிறார்கள். 11 நாள் எரிகிறது. நெய்யும் திரியும் போடுகிறவரை எரியும், நிறுத்திவிட்டால் அணைந்துவிடும். பக்தர், நாஸ்திகர் இருவருக்கும் இதில் அபிப்பிராய பேதம் இல்லை. சூரியனும் அப்படிப்பட்ட ஒரு கொப்பரைதான். அதில் நெய்க்குப் பதிலாக ஹைட்ரஜன் என்னும் வாயு இருக்கிறது. வினாடி ஒன்றுக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் சுமார் 40 இலட்சம் டன் எடையுள்ள பொருள் ஒளியும் வெப்பமுமாகி வெளியே போய்விடுகிறது. மேற்கொண்டு ஊற்றுவதற்கு அங்கே ஆள் இல்லை. சுமார் 460 கோடி ஆண்டாக எரிந்தாகிவிட்டது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுக்குக் கையிருப்பு இருக்கிறது.

ஆனால் பூமியிலுள்ள உயிர்களின் கணக்கு அதற்கு வெகு காலம் முன்பே தீர்ந்துவிடும். சூரியனுக்கு வயது ஏற ஏறப் பிரகாசம் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. சுமார் 100 கோடி ஆண்டில் அது இன்றைக்குவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகமாக எரியும். அந்தச் சூட்டில் கடல் வற்ற ஆரம்பிக்கும். கடல் வற்றினால் மழை ஏது, பயிர் ஏது? பிறகு ஹைட்ரஜன் தீர்ந்ததும் சூரியன் சிவந்து, பெருத்து, புதனையும் வெள்ளியையும் விழுங்கும். பூமியையும் விழுங்குமா, கருக்கி மட்டும் விடுமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்றுதான். கடைசியில் மேல்தோலெல்லாம் உதிர்ந்து, பூமி அளவுக்குச் சுருங்கிய ஒரு தணல் மிஞ்சும். அதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர்.

இந்த வெள்ளைக் குள்ளனைப்பற்றி உலகத்துக்கு ஒரு முக்கியமான கணக்கைச் சொன்னவர் ஒரு தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். இருக்கட்டும், நமக்கு வேண்டியது அவர் கணக்கு. 1930இல் சீமைக்குப் படிக்கக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. கப்பல் தட்டில் உட்கார்ந்தே அவர் கணக்குப் போட்டுப் பார்த்ததில், அணைந்து சுருங்கும் நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று தெரிந்தது. பிற்காலத்தில் திருத்தமாகக் கண்டபடி அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்குள் அடங்கியது வெள்ளைக் குள்ளனாக நின்றுவிடும். அதற்கு மேற்பட்டது அப்படி நிற்க முடியாது, மேலும் மேலும் நொறுங்கும்.

1935 ஜனவரியில் லண்டன் வானசாஸ்திர சபையில் அவர் இதைச் சொன்னபோது, அக்காலத்தில் மகா கெட்டிக்காரர் என்று பெயரெடுத்திருந்த எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்று பரிகாசம் செய்தார். எடிங்டன் மதப்பற்றுள்ளவர். மதத்துக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாதத்தின் தோரணையைக் கவனியுங்கள்! "எனக்குப் பிடிக்கவில்லை, ஆகையால் அது இருக்காது" என்பதுதானே? நம் ஊர் ஆஸ்திகர் சொல்வதும் இதுதான். "எல்லாம் முடிந்துபோகும் என்பது எனக்குச் சகிக்கவில்லை, ஆகையால் முடியாத ஒன்று எங்கேயோ இருந்தாக வேண்டும்" என்கிறார். நட்சத்திரம் எடிங்டனைக் கேட்டு நடக்கவில்லை. சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்படி நொறுங்கியவற்றின் வகையைச் சேர்ந்த கருந்துளை ஒன்றின் படத்தை 2019இல் உலகமே பார்த்தது. நட்சத்திரங்களின் சாவைக் கணக்கிட்ட அந்த மனிதர் தம்மை நாஸ்திகர் என்று 1987இல் ஒரு பேட்டியில் சொன்னார். எல்லாம் அணையும் என்று அறிந்தவர் மூலையில் உட்கார்ந்துவிட்டாரா? 1995இல் சாகும்வரை படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டுந்தான் இருந்தார்.

நிற்க. சூரியனோடு முடியவில்லை. பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 1,380 கோடி ஆண்டு ஆகிறது. அது விரிந்துகொண்டே போகிறது. விரியும் வேகமும் கூடுகிறது என்று 1998இல் இரண்டு கூட்டத்தார் தனித்தனியே அளந்து கண்டார்கள். இப்படியே போனால் சுமார் நூறு இலட்சம் கோடி ஆண்டில் புது நட்சத்திரம் பிறப்பது நின்றுவிடும். பிறகு இருட்டும் குளிரும். பிரீமன் டைசன் என்ற அறிஞர் 1979இல், உயிர்கள் சிக்கனமாய், பெரும்பாலும் தூங்கிக்கொண்டே காலந்தள்ளினால் முடிவில்லாமல் இருக்கலாம் என்று ஒரு வழி சொன்னார். வேகம் கூடுகிறது என்ற பிறகு அந்த நம்பிக்கையும் தளர்ந்துபோயிற்று. ஆனால் 2024, 2025இல் அமெரிக்காவில் அரிசோனா மலையிலிருந்து பல இலட்சக்கணக்கான அண்டங்களை அளந்தவர்கள், விரியச் செய்யும் விசை ஒருவேளை குறைந்துவருகிறதோ என்று ஐயப்படுகிறார்கள். ஐயம் ருசுவானால் மேற்சொன்ன முடிவை மாற்றி எழுதுவார்கள். எழுதியதைத் திருத்தினால் தெய்வக் குற்றம் என்று அங்கே யாரும் கூச்சலிட மாட்டார்கள்.

நம் பெரியவர்கள் சிலர், "இதெல்லாம் எங்கள் புராணத்திலேயே இருக்கிறது, பிரமாவின் பகல் 432 கோடி வருஷம், அது முடிந்தால் பிரளயம்" என்று பெருமை பேசுகிறார்கள். பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்பதோடு இதைப் பக்கத்தில் வைத்துக் காட்டி, பார்த்தீர்களா என்கிறார்கள். பூமியின் வயதை 1956இல் பாட்டர்சன் என்பவர் விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து கண்டுபிடித்தார். அவர் எப்படி அளந்தார் என்று கேட்டால் சொல்ல முடியும். நீங்களும் அளந்து பார்க்கலாம். பிரமாவின் பகலை யார் எதைக்கொண்டு அளந்தார்கள்? ஆயிரம் சதுர்யுகம் என்று பெருக்கினால் பெரிய எண் வரத்தான் செய்யும். அதுவும் போகட்டும். அந்தப் பிரளயத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? பிரமா விழித்துக்கொண்டதும் மறுபடியும் முகத்திலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன்! சூரியனே அணைந்தாலும் இவர்கள் வருணாசிரமம் அணைவதில்லை. உலகம் அழிந்து திரும்ப உண்டாகும்போதுகூட ஒரு சக்கிலியப் பிள்ளைக்கு விடுதலை கிடையாதென்றால், அந்தப் பிரளயத்தைவிட விஞ்ஞானி சொல்லுகிற இருட்டு எவ்வளவோ மேல் அல்லவா?

இந்த ஊர்க் கதைக்கும் ஒரு வார்த்தை. அடியும் முடியும் காணமுடியாத சோதி இங்கே நின்றதாகவும், பிரமாவும் விஷ்ணுவும் தேடித் தோற்றதாகவும், பிரமா தாழம்பூவைச் சாட்சி வைத்துப் பொய் சொன்னதாகவும் சொல்லுகிறார்கள். நமக்குக் கண்ணெதிரே உள்ள பெரிய சோதி சூரியன். அதன் குறுக்களவு சுமார் 8,65,000 மைல். இங்கிருந்து தூரம் சுமார் 9 கோடியே 30 இலட்சம் மைல். அடியும் கண்டாயிற்று, முடியும் கண்டாயிற்று. பொய்ச்சாட்சிக்கு அவசியமே இருக்கவில்லை.

இன்னொரு கூட்டத்தார், "கடிகாரம் ஓடி ஓயுமானால் அதற்குச் சாவி கொடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டுமே" என்கிறார்கள். சாவி கொடுத்தவனுக்குச் சாவி யார் கொடுத்தார் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். வேலையையாவது பாருங்கள். ஒரு தர்மப்பிரபு இங்கிருந்து காசி வரையில் கட்டடமாகக் கட்டி, அதில் ஒரே ஒரு மூலையில் ஒரு திண்ணை அளவுக்கு மட்டும் மனிதர் தங்க இடம் விட்டு, அங்கேயும் அரை நாழிகை தங்கவைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் இடித்து இருட்டாக்கிவிட்டால், அதை வழிப்போக்கருக்காகக் கட்டிய சத்திரம் என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா?

சரி, "எதற்காக வாழ்வது" என்ற கேள்விக்கு வருவோம். இதை நம்மிடம் கேட்கிறவர்களுடைய சொந்த இலட்சியம் என்ன? முக்தி. முக்தி என்றால் என்ன? இனிப் பிறவாதிருப்பது. திருவண்ணாமலையை நினைத்தாலே அது கிடைத்துவிடும் என்கிறார்கள். (நினைத்தாலே கிடைக்குமென்றால் 14 கிலோமீட்டர் கிரிவலம் எதற்கு, உண்டியல் எதற்கு என்பது வேறு விஷயம்.) ஆகவே வாழ்வு முடிந்துபோக வேண்டும், திரும்ப வரக்கூடாது என்று பௌர்ணமிதோறும் நடையாய் நடக்கிறவர்கள் இவர்கள்! இவர்கள் நம்மைப் பார்த்து, "வாழ்வு முடிந்துபோகும் என்று சொல்லி மனிதனுக்கு விரக்தி உண்டாக்குகிறீர்களே" என்பது எவ்வளவு வேடிக்கை! நாமோ ஒரு தடவைதான் என்கிறோம். ஒரு தடவைதான் என்றால் அந்த ஒரு தடவையில் ஒருவன் வயிறாரச் சாப்பிடவில்லை, எழுதப் படிக்கத் தெரியாமல் செத்தான் என்பது ஈடுசெய்யவே முடியாத நஷ்டம் ஆகிவிடுகிறது. அடுத்த ஜன்மத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குத்தான் அது சில்லறைக் கணக்கு.

யோக்கியமாய் இருக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். சந்திரசேகர் கப்பலேறிய அதே 1930இல், அவர் பிறந்த அதே லாகூரில், தூக்குத்தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த பகத்சிங், தாம் ஏன் நாஸ்திகர் என்று எழுதினார். கயிறு கழுத்தில் விழுந்து பலகை நழுவும் கணமே தமக்குக் கடைசிக் கணம், அதற்கப்பால் பரலோகமோ சன்மானமோ கிடையாது என்று அதில் தெளிவாக ஒப்புக்கொண்டார். 1931 மார்ச்சு 23இல், 23 வயதில் தூக்கிலேறினார். அதைத் தோழர் ஜீவானந்தம் தமிழாக்க, 1930களிலேயே சுயமரியாதை இயக்கத்தார் அச்சிட்டுப் பரப்பினார்கள். சொர்க்கம் கிடைக்கும் என்று உயிர்விட்டவனைவிட ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தே உயிர்விட்டவன் எதில் குறைந்துபோனான் என்பதை ஆஸ்திகர்கள்தான் சொல்ல வேண்டும்.

கோடி ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு, நம் பக்கத்து முடிவு ஒன்றைப் பார்ப்போம். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, பெஞ்சல் புயல் மழையில் இதே மலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து பாறை உருண்டு ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தலைவிதி என்று சொல்லித் துடைத்துக்கொள்ள முடியுமா? மண் தண்ணீர் குடித்தால் கனக்கும், பிடிப்பு விட்டுப்போகும், சரிவில் இருந்தால் இறங்கும். இதில் விதி எங்கே இருக்கிறது? சரிவில் வீடு கட்டிக்கொள்கிறவன் ஆசைக்காகவா கட்டுகிறான்? சமதரையில் இடம் வாங்க வக்கில்லாமல் கட்டுகிறான். அந்த டிசம்பர் 13ஆம் தேதி தீபத்தன்று ஜனங்களை மலை ஏறவேண்டாம் என்று தடுத்தார்கள். எதை வைத்துத் தடுத்தார்கள்? பஞ்சாங்கம் பார்த்தா? மண்ணைப் பரிசோதித்தவர்கள் சொன்னதை வைத்துத்தான். அந்தப் பரிசோதனையை மழைக்கு முன்னே செய்து, அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்குச் சமதரையில் மாற்று இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு நித்தியமான ஆத்மா எதுவும் தேவையில்லை. அந்த ஐந்து குழந்தைகளுக்கு இன்னும் அறுபது, எழுபது ஆண்டு பாக்கி இருந்தது. சூரியன் அவசரப்படவில்லை.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் சீமையில் யாரோ சொல்வது என்று எண்ணவேண்டாம். இங்கிருந்து பார்த்தால் தெரிகிற ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் கண்ணாடி உள்ள தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதைக் கண்டதில் அந்த மலைக்கும் பங்கு உண்டு. அண்ணாமலைத் தீபத்துக்கு வண்டி வைத்துக்கொண்டு போகிற குடும்பங்கள், அனுமதி உள்ள நாள் விசாரித்து ஒரு தடவை பிள்ளைகளைக் காவலூருக்கும் அழைத்துக்கொண்டு போகட்டும். இவ்வூர்த் தோழர்கள் முன்வந்தால் அடுத்த மாதமே ஒரு வண்டி ஏற்பாடு செய்யலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் கொடுக்கலாம். ஆக்ஷேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுத்தால் இங்கேயே பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.