பின்னலூசியும் ஒற்றும்

பகைவர் கையிற் சிக்கினாலும் பொருள் விளங்காதபடி செய்தியை எழுதுவது ஒரு கலை. செய்தி ஒன்று உண்டு என்பதையே அவர் அறியாதபடி மறைப்பது அதனினும் நுண்ணிய கலை. இவ்விரண்டாவது கலைக்குப் பெண்களின் பின்னல்வேலை துணைபுரிந்ததுண்டு.

கம்பளிப் பின்னலில் அடிப்படையான கண்ணிகள் இரண்டே. ஒன்று சமமாகப் படியும். மற்றது சிறு முடிச்சுப்போலப் புடைத்து நிற்கும். தந்திக் குறியீட்டிற் புள்ளியும் கோடும் எழுத்துக்களாவது போல, இவ்விரு கண்ணிகளையும் மாற்றி மாற்றி அமைத்துச் சொற்களைப் பின்னலாம். சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இரு நகரங்களின் கதை’ என்னும் நாவலிலே, மதுச்சாலைக்காரியான டிபார்ஜ் என்பாள் புரட்சியின் பகைவர் பெயர்களைத் தன் பின்னலிற் பதித்து வைக்கிறாள். அது கற்பனை. இரண்டாம் உலக யுத்தத்தில் நிகழ்ந்ததோ உண்மை.

தென்னாபிரிக்காவிற் பிறந்த பிலிஸ் லத்தூர், 1944ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, ஜேர்மானியர் வசமிருந்த நோர்மண்டியிலே பிரித்தானிய ஒற்றராகப் பரசூட்டில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. ஆயினும் ஏழைச் சிறுமி போல உடுத்து, துவிச்சக்கரவண்டியிற் சென்று சவர்க்காரம் விற்றார். ஜேர்மன் வீரரோடு கலகலப்பாகப் பேசி, அறிந்தவற்றை வானொலிக் கருவியால் அனுப்பினார். கம்பளிப் பின்னல் எப்பொழுதும் அவர் கையோடிருந்தது. சங்கேதக் குறிகள் பொறித்த பட்டுத் துணியைப் பின்னலூசியொன்றிற் சுற்றி, கூந்தல் கட்டும் தட்டையான நாடாவினுள் மறைத்திருந்தார். ஒருமுறை பயன்பட்ட குறியை ஊசியாற் குத்தி அடையாளமிட்டார்.

ஒருநாள் ஜேர்மானியர் அவரைப் பிடித்துச் சோதித்தனர். சோதித்த பெண்ணொருத்தியின் பார்வை நாடாவிற் பதிந்தது. உடனே அவர் அதனை அவிழ்த்துக் கூந்தலை விரித்துக் காட்டினார். கூந்தலில் ஒன்றுமில்லை, நாடாவையோ எவரும் ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால் அன்றே அவர் உயிருக்கு ஆபத்து நேர்ந்திருக்கும்.

இவ்வாறு அவர் அனுப்பிய செய்திகள் 135. யுத்தத்தின் பின் நெடுங்காலம் தம் பிள்ளைகளுக்குங்கூட இதனைச் சொன்னாரல்லர். 2014இல் பிரான்சு அவருக்கு உயர் விருதளித்தது. 2023இல், 102ஆவது வயதில், நியூசிலாந்திற் காலமானார்.

அவரைக் காத்தது பட்டுத் துணியும் நாடாவும் மட்டுமன்று. பின்னல் பின்னும் பேதைப் பெண்ணுக்கு யுத்த விவகாரம் என்ன தெரியும் என்ற பகைவரின் அலட்சியமே அவருக்கு உறுதியான கவசமாயிற்று.