சிஸ்டருக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்?

(நமது சங்கக் கூட்டத்தில், அடையாறில் வசிக்கும் ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர் பேசியது)

போன மாதம் லிஃப்டில் ஒரு மாமி கேட்டார்: "சிஸ்டர், எத்தனையோ பேரைப் பார்த்துக்கொண்டீர்கள். உங்களுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்?" சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று பதில் சொல்கிறேன்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்று ஒரு நர்ஸ் இருந்தார். 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே ஓர் ஊழியரால் தாக்கப்பட்டு, மூளை பாதித்து, 25 வயதில் படுத்தவர். 2015 மே 18 அன்று இறந்தார். ஏறக்குறைய 42 வருடம்! அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள், ஒரு தலைமுறை ஓய்வுபெற்று அடுத்த தலைமுறை வந்தும், குளிப்பாட்டி, சோற்றைக் குழைத்து ஊட்டினார்கள். படுக்கைப் புண் வரவேயில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே பதிவு செய்தது. இரண்டு மணிக்கொரு தடவை, நடுராத்திரியிலும் புரட்டிப் போட்டால்தான் அது நடக்கும். ஏஜென்சி ஆள் மாறிக்கொண்டே இருக்கும் நம் வீடுகளில் ஒரே மாதத்தில் புண் வந்து பார்த்திருக்கிறேன்.

அருணாவுக்கு ஊட்டுவதை நிறுத்தச் சொல்லி ஒரு மனு போனது. நர்ஸுகள் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 அன்று கோர்ட் அதை ஏற்கவில்லை. அன்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அருணா என்ன கேட்டிருப்பார்? அது மட்டும் யாருக்கும் தெரியாது. 25 வயதில் யார் எழுதி வைக்கிறோம்?

எனக்கு 71. நான் எழுதிவிட்டேன். லிவிங் வில் செல்லும் என்று 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பு வந்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து கேட்டார்கள்; யார் அலைவது? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சியும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரும் போதும் என்றார்கள். தேற வழியில்லை என்று டாக்டர்கள் குழு சொன்னால் வென்டிலேட்டர் வேண்டாம், வலிக்கு மருந்து வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். புரட்டிப் போடுங்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன், நோட்டரி சிரித்தார்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் மூன்று வாரம் சரியாகப் பேசவில்லை. "இப்போ எதுக்கும்மா இதெல்லாம்?" அவன் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். அதனால் மந்தைவெளியில் இருக்கும் தங்கை பெயரையும் போட்டிருக்கிறேன். ஒரு காப்பி அவளிடம், ஒன்று டாக்டரிடம், ஒன்று என் பீரோவில்.

மாமி, நீங்கள் எழுதுவதானால் சொல்லுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு நான் வருகிறேன்.