"வலிக்குதுடா"ன்னா நிறுத்துங்க

திண்டுக்கல்ல வீட்டுல இருந்து வேலை பார்த்தப்ப, அம்மாவோட இடுப்பு வலிக்கு நானே வீடியோ பார்த்து பிலாட்டிஸ் சொல்லிக் கொடுத்தேன். முட்டியை நெஞ்சு வரைக்கும் இழுக்கச் சொன்னேன். "வலிக்குதுடா"ன்னாங்க. "பழகிடும்மா"ன்னேன். மறுநாள் அவங்களால மாடிப்படி ஏற முடியல.

பிசியோதெரபிஸ்ட் முதல்ல கேட்டது, "எங்கம்மா வலிக்குது?" அம்மா கை வச்சது தொடை இடுக்குல. இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள்ள உருளுற பந்து மாதிரி. அது தேஞ்சா வலி பெரும்பாலும் தொடை இடுக்குலதான் தெரியும், சிலருக்கு முட்டியில. வெளிப்பக்கம் வலிச்சா தசைநாண் பிரச்சினையா இருக்கலாம். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். காலை ரொம்ப மடக்குனா மூட்டு நெருக்கப்படும்.

அதனால இப்போ மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மெதுவா தூக்குற 'பிரிட்ஜ்' மட்டும். வலி கூடினா அன்னைக்கு லீவு. காய் நறுக்குறது சம்மணம் போட்டு இல்ல, நாற்காலியில.

ஜோசப் பிலாட்டிஸ் இந்த முறைக்கு வச்ச பேரு 'கான்ட்ராலஜி'. அதாவது, கட்டுப்பாடு. எனக்கு இல்லாததே அதுதான்.

கோடுல எரர் வந்தா முதல்ல லாக் படிக்கிறேன். அம்மா சொன்ன "வலிக்குதுடா"வும் ஒரு லாக்தான். நான்தான் படிக்கல. நீங்க படிங்க.